ஜாமில் நிற்பதாகச் சொன்னவர்கள்

நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரிக்க வேண்டாம். கேம் கம்பெனியில் வேலை பார்த்த காலமெல்லாம் என் கைமுதல் அந்தப் பயம் ஒன்றுதான். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. படம் வரையத் தெரியாது. ஆட்டம் ஆடினாலோ என் படகு நேராகப் போய்ப் பாறையில்தான் முட்டும். ஆட வருகிறவர்கள் எழுதும் புகாருக்கும் கேள்விக்கும் பதில் சொல்வது, தமிழ் அரட்டை அறையில் சண்டை மூண்டால் விலக்கிவிடுவது, இதுதான் என் வேலை. சிங்கப்பூருக்கு இந்தப் பக்கம், செனாயில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தேன். அதை மூடியதும், உங்கள் வயதுப் பிள்ளைகள் நிறைந்த ஒரு சின்ன கம்பெனியில் வந்து ஒட்டிக்கொண்டேன். எல்லோரும் சரோ அக்கா என்று கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அதே பெயர்தான்.

போன வாரம் உங்கள் கூட்டத்துக்கு என்னை அழைத்து, "பழைய பெரிய ஆட்டங்களோட நாம எப்படி மோதுறதுன்னு உங்க அனுபவத்தச் சொல்லுங்கக்கா" என்றீர்கள். நானும் நீங்கள் கொடுத்த தே தாரே டீயைக் குடித்துவிட்டுப் பொதுவாக ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது உங்களில் ஒரு பெண், "எங்க புது கேம்ல கம்ப்யூட்டர் துணை இருக்குக்கா, மனுஷங்க மாதிரியே பேசும், யாருக்கும் வித்தியாசமே தெரியாது" என்று கண் மின்னச் சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கூட்டத்தில் சொல்லாமல் வந்ததை இப்போது எழுதுகிறேன். அவசரப்படாமல் படியுங்கள்.

எங்கள் ஆட்டத்தின் பெயர் நாலு துடுப்பு. ஒரு படகில் நான்கு பேர், ஆளுக்கு ஒரு துடுப்பு, பாறையில் முட்டாமல் நீரிணையைக் கடந்து கரை சேர வேண்டும். ஒருவர் சும்மா இருந்தாலும் படகு ஒரு பக்கமாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். அவ்வளவுதான் ஆட்டம். அது யாரோடு மோதியது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஊரே ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆட்டத்தோடு மோதியது. அதன் பெயரைச் சொல்லவே எங்கள் ஆபீசில் கூச்சப்படுவோம். பெரியப்பா என்றுதான் சொல்வோம். "ஆளுங்க எங்க?" என்றால், "பெரியப்பா வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று பதில் வரும்.

பெரியப்பா வீட்டில் மச்சான் இருக்கிறான், பள்ளிக்கூடத் தோழன் இருக்கிறான், வருஷக்கணக்காகச் சேர்த்த பட்டமும் உடுப்பும் இருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு யார் வருவார்கள்? ஆனால் அவரிடம் ஒரு குறை இருந்தது. அவர் ஆட்டம் நீளம். நடுவில் எழுந்து போனால் தண்டனை. தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒத்துவராது. பஸ்ஸில் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தால் சோதனைச்சாவடி வந்துவிடும். இறங்கி ஓடி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, அதாவது சாப் அடித்து, அடுத்த பஸ்ஸில் இடம் பிடிப்பதற்குள் பெரியப்பா ஆளையே விரட்டிவிடுவார். எங்கள் படகில் அந்தக் கெடுபிடி கிடையாது. யாரும் எப்போதும் எழுந்து போகலாம், வரலாம். இந்த ஒரு பிடியை நம்பித்தான் கடையைத் திறந்தோம்.

திறந்தால் ஆள் இல்லை. உங்களில் யாரும் இன்னும் அதை அனுபவிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒருவர் வருவார், படகில் உட்காருவார், மற்ற மூன்று பேருக்காகக் காத்திருப்பார். யாரும் வராததால் எழுந்து போய்விடுவார். அவர் போன பிறகு இன்னொருவர் வந்து தனியாக உட்காருவார். நாள் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும், நாள் முழுக்கப் படகு காலியாகவே இருக்கும். அதைத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, என் வயிற்றுப் பிள்ளை சாப்பிடாமல் கிடப்பதைப் பார்ப்பதுபோல இருக்கும்.

அப்போதுதான் பொம்மைகளைக் கொண்டுவந்தோம். கொண்டுவந்தவள் எங்கள் நிரலாளர். பெயரைச் சொல்ல மாட்டேன், இப்போது வேறிடத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். என்னைவிட ரொம்ப இளையவள், ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவள், அதனால் குரு என்றே கூப்பிடுவேன். அவளுக்கு அது பிடிக்காது, அதற்காகவே இன்னும் இரண்டு முறை கூப்பிடுவேன். ஆள் குறைந்தால் படகில் கணினியே வந்து உட்கார்ந்து துடுப்பு போடுகிற மாதிரி அவள் செய்தாள். நம் ஊர்ப் பெயர்கள் வைத்தாள். ஊமையாக இருந்தால் பிடிபட்டுவிடும் என்பதால் பேசவும் வைத்தாள். என்ன பேசுவது? தமிழ் அறையில் உண்மையான ஆட்கள் அடிக்கடி எழுதுவதையே திரட்டிப் பொம்மைகளுக்குக் கொடுத்தாள். அந்த அறையில் அதிகம் எழுதப்பட்டது என்ன தெரியுமா? "ஜாம்லா." "பாலத்துல நிக்கிறேன்." "சாப் அடிச்சிட்டு வரேன்."

எங்களுக்கு அது வாகாக அமைந்தது. உண்மையான ஆள் ஒருவர் வந்தால் பொம்மை எழுந்து இடம் விட வேண்டும் அல்லவா? "சாப் அடிக்கணும், வரேன்" என்று சொல்லிவிட்டுப் பொம்மை போய்விடும். திரும்பி வந்தால், "அலமாக், என்னா ஜாம், இப்பதான் தாண்டுனேன்" என்று சொல்லும். யாராவது பாலம் என்று எழுதினால் போதும், அதுவும் பாலத்தைப் பற்றியே பேசும். நல்ல செய்தி சொன்னால் வாழ்த்துகூடச் சொல்லும். யாருக்கும் துளி சந்தேகம் வரவில்லை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். படகுகள் நிறைந்தன. நிறைந்த படகைப் பார்த்து மனிதர்களும் தங்க ஆரம்பித்தார்கள். பெரியப்பாவிடமிருந்து ஆள் பிரிந்து எங்களிடம் வந்தது அப்படித்தான். இதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. நம் தொழிலில் பலபேர் இப்படித்தான் கடை விரிக்கிறார்கள்.

அப்புறம் கொரோனா வந்தது. பாலத்தை மூடினார்கள்.

உங்களில் சிலர் அப்போது படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். இந்த ஊரில் அதற்கு முன் யாரும் அதைக் கற்பனைகூடச் செய்தது கிடையாது. மழையிலும் நடுராத்திரியிலும் பண்டிகையிலும் வண்டி நின்ற பாலம் வெறிச்சென்று கிடந்தது. இந்தப் பக்கம் இருந்தவர்கள் வேலைக்குப் போக முடியவில்லை. அந்தப் பக்கம் தங்கிவிட்டவர்களுக்கு வேலை இருந்தது, ஆனால் வீட்டுக்கு வந்தால் திரும்பிப் போக வழியில்லை. ஒன்று குடும்பம், இல்லையென்றால் சம்பளம். எங்கள் ஆபீசும் மூடி, அவரவர் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம். நான் மாசாயில் என் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஊர் முழுக்க வீட்டில் அடைந்து கிடந்ததால் ஆட வருகிறவர்கள் பெருகினார்கள். எங்கள் தலைவர் தினேஷ் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். அத்தனை பரபரப்பிலும் ஒரு விஷயம் எங்கள் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. பாலம் மூடியது பொம்மைகளுக்குத் தெரியாது.

பொம்மைகள் தினமும் ஜாமில் நின்றுகொண்டிருந்தன. தினமும் சாப் அடித்துவிட்டு வந்துகொண்டிருந்தன. பார்த்தவர்கள் கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். பழைய ஜாமுக்குக்கூட ஏங்குகிற காலம் வந்துவிட்டதே என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும் அதைப் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த புகாருக்குப் போனேன்.

சில மாதம் கழித்து, பாலம் திறக்கப் போகிறது, தினமும் போய்வர அனுமதி வரப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் நாளுக்கு ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலையில் எனக்கு ஒரு செய்தி வந்தது. அது புகாராக இல்லை. நன்றியாக இருந்தது.

"சரோ அக்கா, வணக்கம். நான் மல்லி, பாசிர் கூடாங். இன்னைக்கு சாயந்திரம் எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்லேருந்து வராரு. பாப்பா பொறந்து இன்னும் நேர்ல பாக்கல. திங்கக்கிழம வேலைக்குத் திரும்பிடுவாரு. நம்ம குமார் அண்ணன் தெனம் போயிட்டு வராருல்ல, அவரு எத்தன மணிக்கு கிராஸ் பண்றாருன்னு கேட்டுச் சொல்றீங்களாக்கா? இவருக்கு இதான் முதல் தடவ, தொணைக்கு ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கும்."

கீழே தன் போன் நம்பரையும் கொடுத்திருந்தாள்.

குமார் ஒரு பொம்மை. அவளுடைய உரையாடல்களை எடுத்துப் பார்த்தேன். "அண்ணே, பாலம் தொறந்திருச்சா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "ஆமா லா, ஒரே ஜாம், இப்பதான் தாண்டுனேன்" என்று குமார் சொல்லியிருக்கிறது. மறுநாளும் கேட்டிருக்கிறாள். மறுநாளும் அதே ஆமா. அவள் கணவன் இந்தப் பக்கம் கால் வைத்துவிட்டால் திங்கட்கிழமை திரும்ப முடியாது. வேலை போய்விடும். அந்தக் காலத்தில் வேலை போவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையோடு அந்த வீடு ஓடுவது அந்த ஒரு சம்பளத்தில்.

குருவைக் கூப்பிட்டேன். படித்துக் காட்டினேன். "அலமாக்" என்றாள். தினேஷையும் சேர்த்துக்கொண்டோம்.

தினேஷைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல பிள்ளை. என் சம்பளத்தை ஒரு மாதமும் தாமதித்தது கிடையாது. அவருக்கும் பயம், என்னுடையதைவிடப் பெரிய பயம். ஆட்டம் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. படகில் இருப்பதில் பாதி பொம்மை என்று வெளியே தெரிந்தால் மிச்சமிருக்கும் மனிதர்களும் அன்றைக்கே எழுந்து பெரியப்பா வீட்டுக்குப் போய்விடுவார்கள். அத்தனை பேர் வேலையும் சேர்ந்து போகும், என்னுடையதும்தான்.

"அக்கா, அந்த ஆள் வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு, பார்டர் இன்னும் மூடித்தான் இருக்கு, நல்லா விசாரிச்சிக்கோங்கன்னு எழுதுங்க" என்றார். "அதுல பொய் ஒன்னும் இல்லியே."

எனக்கும் அது சரியாகப்பட்டது. பயப்படுகிறவர்களுக்குச் சின்ன வழி எப்போதும் சரியாகத்தான் படும். அப்படியே எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"இல்லக்கா, குமார் அண்ணன் மட்டும் இல்ல. சேகர் கிட்டயும் கேட்டேன், தேவி அக்கா கிட்டயும் கேட்டேன். மூணு பேரும் தாண்டுறாங்க. மூணு பேரும் ஒன்னா பொய் சொல்லுவாங்களா? அவரு மத்தியானம் வேல முடிச்சிட்டு நேரா கெளம்பிடுவாரு."

மூன்றும் பொம்மை. மூன்றுக்கும் ஒரே வாய். ஒருவர் சொன்னால் சந்தேகப்படலாம், மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னால் யார்தான் நம்பாமல் இருப்பார்கள்?

"பால வசனத்தையெல்லாம் இப்பவே நிறுத்திட்டேன்" என்றாள் குரு. "இனிமே ஒன்னும் பேசாது."

அது நல்ல வேலை என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் மல்லி மறுபடியும் எழுதினாள். "குமார் அண்ணன கூப்பிட்டுப் பாத்தேன், பதிலே இல்ல. பாலத்துல இருக்காரு போல. பரவால்லக்கா, எங்க வீட்டுக்காரரு தனியாவே வந்துருவாரு."

அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் பேசினாலும் அது பொய்யாகிறது, வாயை மூடினாலும் அது பொய்யாகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"தினேஷ், நான் அவளுக்குப் போன் பண்றேன். உண்மைய சொல்லிடுறேன்."

"அக்கா, ப்ளீஸ். அவங்க ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டா நாம முடிஞ்சோம்."

"தெரியும்."

"வேற வழி யோசிப்போம்கா. அஞ்சு நிமிஷம்."

நான் கொடுக்கவில்லை. அவர் மேலதிகாரி, நான் புகாருக்குப் பதில் எழுதுகிறவள். அதற்கு முன் ஒருமுறைகூட அவர் பேச்சை மீறியது கிடையாது. அன்றைக்கு மீறியதற்குத் தைரியம் காரணம் இல்லை. வேலை போகிற பயத்தைவிட இன்னொரு பயம் பெரிதாக இருந்தது. அந்த மனிதன் கையில் பையோடு சோதனைச்சாவடி கவுன்டரில் வந்து நிற்பது கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது. லேப்டாப்பில் அவர்கள் இருவரும் இருந்த அழைப்பைத் துண்டிக்காமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டு, என் கைப்பேசியில் மல்லியை அழைத்தேன்.

"மல்லியாம்மா? நான் நாலு துடுப்புலேருந்து சரோ அக்கா பேசுறேன்."

"அக்கா! குமார் அண்ணன் நேரம் சொல்லிட்டாரா?"

சின்ன குரல். பின்னால் குழந்தை முனகிக்கொண்டிருந்தது.

"மா, நான் சொல்றத கொஞ்சம் உக்காந்து கேளு. குமார் இல்லம்மா."

"ஐயோ! என்னாச்சுக்கா? கோவிட்டா?"

அவள் அந்தப் பொம்மைக்காகப் பதறினாள். இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது.

"இல்லம்மா. அப்படி ஒரு ஆளே கெடையாது. ஆள் பத்தாதப்ப எங்க கம்ப்யூட்டரே துடுப்பு போடும். பேசுறதும் அதுதான். குமார் கம்ப்யூட்டர். பாலம் தொறக்கல. யாரும் தாண்டல. உன் வீட்டுக்காரர உடனே நிறுத்து, வந்துட்டா திரும்பிப் போக முடியாது."

குழந்தையின் முனகல் மட்டும் கேட்டது. அழைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன், இருந்தது.

"சேகரு?" என்றாள்.

"கம்ப்யூட்டர்மா."

"தேவி அக்கா?"

"அதுவும்தான்."

"பாப்பா பொறந்தப்ப வாழ்த்து சொன்னாங்களேக்கா." அவள் குரல் ஏறவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. "ஆஸ்பத்திரியில ஒருத்தரையும் உள்ள விடல. எங்கம்மாவக்கூட விடல. வலி வர்ற வரைக்கும் அவங்க மூணு பேர்கூடத்தான் பேசிக்கிட்டு இருந்தேன்."

டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்த காலத்தில் கத்துகிறவர்கள், திட்டுகிறவர்கள், குடித்துவிட்டுப் பேசுகிறவர்கள் எல்லோரையும் சமாளித்திருக்கிறேன். இவளை எப்படிச் சமாளிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. "அவருக்கு போன் பண்ணும்மா, நேரம் போகுது" என்று மட்டும் சொன்னேன். அவள் வைத்துவிட்டாள்.

மேசைமேல் இருந்த அழைப்பில் இரண்டு பேரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். குரு அழுதுகொண்டிருந்தாள். நான் தினேஷிடம் கேட்டேன். "இந்தப் பொண்ணு நன்றி சொல்றதுக்காக எழுதுனா, அதனால நமக்குத் தெரிஞ்சிச்சு. எழுதாம கெளம்புனவங்க எத்தன பேருன்னு உங்களுக்குத் தெரியுமா தினேஷ்?"

அவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அறிவிப்பு போட்டுருங்க" என்றார். "எல்லாருக்கும் தெரியிற மாதிரி போடுங்க. என் பேர்ல போடுங்கக்கா, உங்க பேர்ல வேணாம்."

ஆட்டத்தைத் திறக்கிற ஒவ்வொருவர் கண்ணிலும் படும்படி அறிவிப்பு போட்டோம். பாலம் மூடித்தான் இருக்கிறது, தாண்டி வந்ததாக எங்கள் படகில் சொன்னவர்கள் மனிதர்கள் இல்லை, கணினி, அவர்களை நம்பி யாரும் கிளம்ப வேண்டாம், எங்களை மன்னியுங்கள். குரு ஒவ்வொரு பொம்மையின் தலைக்கு மேலும் "கணினி" என்று பெரிதாக எழுதிவிட்டாள்.

அதற்குப் பிறகு மல்லியிடமிருந்து செய்தி வருகிறவரைக்கும் நான் இருந்த நிலையைச் சொல்லி முடியாது. அரிசியைக் களைந்து அப்படியே வைத்துவிட்டேன். சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன், என்ன வேண்டுவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். போனை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவன் போனை எடுக்கவில்லை என்றால்? பஸ் சத்தத்தில் கேட்கவில்லை என்றால்? கவுன்டரைத் தாண்டிய பிறகு எடுத்தான் என்றால்? திரையில் படகுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பொழுது சாயும்போது ஒரே வரி வந்தது. "உட்லண்ட்ஸ்ல பஸ் எறங்குனப்ப ஆளப் புடிச்சிட்டேன். ரூமுக்குத் திரும்பிட்டாரு." உட்லண்ட்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம், அவன் இன்னும் தாண்டவில்லை. அக்கா என்ற சொல் அதில் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தினேஷ் பயந்தபடியேதான் நடந்தது. அறிவிப்பைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். பெரியப்பா வீட்டு ஆட்கள் எங்களுக்குப் பொம்மைக் கடை என்று பெயர் வைத்தார்கள். வந்த கூட்டத்தில் பெரும்பகுதி போய்விட்டது. எங்கள் ஆபீசிலும் ஆள் குறைத்தார்கள். குரு தானாகவே விலகிப் போனாள், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆனால் ஆட்டம் சாகவில்லை. ஆள் இல்லையென்றால் இல்லை என்றே காட்டினோம். இப்போது இத்தனை பேர் காத்திருக்கிறார்கள், இதில் மனிதர்கள் இவ்வளவு என்று வெளிப்படையாகப் போட்டோம். கொஞ்சப் பேர், வேண்டுமென்றே, அதற்காகவே வந்தார்கள். அவர்களை வைத்துத்தான் கம்பெனி நடந்தது, நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் நடந்தது. பெரியப்பாவை ஒருநாளும் வெல்லவில்லை. மல்லியின் கணவனுக்கு வேலை நிலைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். பாலம் திறந்து அவன் வீட்டுக்கு வந்தபோது குழந்தை ஓடித் திரிந்துகொண்டிருந்ததாம்.

உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. நாங்கள் வைத்திருந்தது பத்து வசனம் பேசுகிற முட்டாள் பொம்மை. அதற்கே அப்படி. நீங்கள் கொண்டுவருவது கேள்வி கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுமாம், ஆறுதல்கூடச் சொல்லுமாம். பெரிய ஆட்டத்தோடு மோத வேறு வழியில்லை என்று உங்கள் தலைவரும் சொல்வார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. நான் சொல்வது இதுதான். அப்படி ஒரு நாள் வந்து, மேசையைச் சுற்றி எல்லோரும் பயந்துகொண்டிருந்தால், யாருக்காகப் பயப்படுகிறோம் என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் மாலையில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இதை நான் தினேஷிடம்கூடச் சொன்னதில்லை.

மல்லி ஆட்டத்துக்குள் வந்திருந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் படகில் மற்ற மூன்று இடத்திலும் பொம்மைகள், மூன்றின் தலைக்கு மேலும் "கணினி" என்று எழுதியிருந்தது. பேசாமல் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வரி எழுதினாள்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு பொம்மையை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். "இருக்கேன்மா. நான் சரோ அக்கா" என்று எழுதினேன்.

அவள் இரண்டு முறை துடுப்பு போட்டாள்.

"மெஷினும் இப்படித்தானே சொல்லும்" என்று எழுதினாள்.

என்ன எழுதினாலும் அது ஒரு பொம்மை எழுதக்கூடியதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரமாகக் கைப்பேசியை எடுத்து அவள் நம்பரை அழைத்தேன். என் குரலைக் கேட்டால் நம்புவாள் என்று நினைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. திரையில் அவள் நிறுத்தாமல் துடுப்பு போட்டுக்கொண்டிருந்தாள். போனை எடுக்கவில்லை.